ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நான் புது கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்குன கடைக்காரர் நல்லாத்தான் கேட்டாரு, "சார், ஒரு பத்து நிமிஷம் இருந்தீங்கன்னா ப்ராசஸர் ரேம் எல்லாம் மாட்டி டிஸ்ப்ளே காட்டிடறேன், பார்த்துட்டு எடுத்துட்டு போங்க"ன்னு. எனக்கு எக்மோர்ல பல்லவன் எக்ஸ்பிரஸ் புடிக்கணும், நேரம் ஆயிடுச்சு, வேணாங்க நான் வீட்ல போய் மாட்டிக்கறேன் எனக்கு தெரியும்னு சொல்லிட்டு பில்ல வாங்கி பையில போட்டுக்கிட்டு ஆட்டோ ஏறிட்டேன். அந்த "எனக்கு தெரியும்"க்கு மூணு ராத்திரி தூக்கம் போச்சு.

நமக்கு தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங், திருச்சியில வீட்லயே ஒரு ரூம்ல உக்காந்து பண்றது. 2016ல வாங்குன சிஸ்டம், ஐ5 6500, எட்டு ஜிபி ரேமு, ஃபுல் ஹெச்டி வரைக்கும் முக்கி முனகி ஓட்டிருச்சு, இப்ப கேமரா பசங்க எல்லாம் 4கே-ல எடுத்து ஹார்ட் டிஸ்க்க கையில குடுத்துட்டு போயிடறானுங்க, டைம்லைன்ல ஒரு கிளிப்ப இழுத்து விட்டா அது நகர்றதுக்குள்ள ஒரு டீய குடிச்சிட்டு வந்துரலாம். 2023 தீபாவளி முடிஞ்ச கையோட கைல இருந்தது, கொஞ்சம் கைமாத்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 36 ஆயிரத்துக்கு ஐ5 12400 ப்ராசஸர், ஒரு பி660 மதர்போர்டு டிடிஆர்4 மாடல், 16 ஜிபி ரேம் ரெண்டு ஸ்டிக், ஒரு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா), இவ்வளவும் வாங்கினேன். கேபினெட், எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் சூட்ட தணிக்கற டவர் கூலர் நாலும் பழசு. எந்த கம்பெனி போர்டுன்னு கேக்காதீங்க, சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஏன்னு கடைசில தெரியும்.

கூலர் பத்தி மட்டும் இங்கயே சொல்லிடறேன். 12400 டப்பாலயே ஒரு கூலர் கூட வரும், அது போதும், 65 வாட்ஸ் ப்ராசஸர் அது. ஆனா ரெண்டர் போட்டா அந்த சின்ன ஃபேன் கத்தும்னு ஒரு நெனப்பு, ஏற்கனவே காசு குடுத்து வாங்குன டவர் கூலர் சும்மா கெடக்கப்போவுதேன்னு இன்னொரு நெனப்பு. பிரச்சன என்னன்னா ப்ராசஸர் உக்கார்ற எடத்துக்கு பேரு சாக்கெட், பழைய 1151 சாக்கெட்ல கூலர் ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர், புது 1700 சாக்கெட்ல 78. மூணு மில்லிமீட்டர்தான், ஆனா பழைய பிராக்கெட் உக்காராது. அதுக்குன்னு தனியா ஒரு 1700 பிராக்கெட் செட்டும் அங்கயே ஒரு சின்ன கடைல தேடி வாங்கிக்கிட்டேன். கீழ ஒரு பேக் பிளேட், மேல ரெண்டு இரும்பு பட்டை, நாலு மூலைக்கு நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூ.

வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சேன். பன்னெண்டுக்கெல்லாம் எல்லாம் மாட்டியாச்சு, வயரெல்லாம் அழகா பின்னாடி இழுத்து டேக் போட்டு கட்டியாச்சு (இத செய்யாதீங்க, மொதல்ல டிஸ்ப்ளே வரட்டும், அழகு அப்புறம்), பட்டன அமுக்கினேன். ஃபேன் எல்லாம் சுத்துது, கார்டுல ஃபேன் சுத்துது, கூலர் ஃபேன் சுத்துது, மானிட்டர்ல நோ சிக்னல். ஒரு நிமிஷம் பார்த்தேன், ரெண்டு நிமிஷம் பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

ஃபேன் சுத்துனா போர்டு உயிரோட இருக்குன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும்தான், எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனதும் அது வந்துரும், ப்ராசஸர் வேலை செய்யுதா ரேமு தெரியுதா எல்லாம் அதுக்கு கவலையே இல்ல. அதனால "ஃபேன் சுத்துது டிஸ்ப்ளே வரல"ன்னு ஒருத்தர் சொன்னா அதுல இருந்து தெரியற ஒரே விஷயம் எஸ்எம்பிஎஸ் ஓரளவுக்கு ஆன் ஆவுது, பவர் பட்டன் வயர் சரியா இருக்கு, அவ்வளவுதான். உண்மையான தகவல் போர்டுல வேற எடத்துல இருக்கு. இப்ப வர்ற போர்டு நெறையத்துல எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பெரிய ஒயர சொருகற 24 பின் கனெக்டர் பக்கத்துல பொட்டு சைஸ்ல நாலு லைட் இருக்கும், பக்கத்துலயே சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்ல இருந்து கிளம்பறது)னு பொடி எழுத்துல போட்டிருக்கும். ஆன் பண்ணதும் போர்டு ஒவ்வொண்ணா செக் பண்ணிட்டே போவும், எந்த எடத்துல நின்னுடுச்சோ அந்த லைட் அணையாம அப்படியே எரியும். எனக்கு டிராம் லைட் மஞ்சளா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

அப்ப நான் பண்ண தப்பு, டிராம் லைட் எரிஞ்சா ரேம்தான் போச்சுன்னு முடிவு பண்ணது. அந்த லைட் ரேம் கெட்டுப்போச்சுன்னு சொல்லல, ரேம செக் பண்ற எடத்துல நின்னுட்டேன்னுதான் சொல்லுது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியறதுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு.

மொத ராத்திரி எல்லாரும் பண்றததான் பண்ணேன். மானிட்டர் கேபிள் கார்டுல சொருகியிருக்கா இல்ல போர்டுல சொருகியிருக்கான்னு பார்த்தேன், கார்டு மாட்டியிருந்தா கார்டுலதான் சொருகணும், இதுல ஏமாந்தவங்க எத்தனையோ பேரு. அப்புறம் கார்டையே கழட்டிட்டு போர்டுல இருக்கற ஹெச்டிஎம்ஐ-ல சொருகினேன், 12400ல உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு அதனால வரணும், இதே 12400எஃப் வாங்கியிருந்தா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம அதுல டிஸ்ப்ளேவே வராது, அந்த ஒரு எழுத்து தெரியாம போர்டு போச்சுன்னு திருப்பி குடுக்க போனவன் என் கூட்டாளி ஒருத்தனே இருக்கான். ப்ராசஸருக்கு போற 8 பின் பவர் மாட்டியிருக்கான்னு பார்த்தேன், போர்டோட மேல் மூலைல ஒளிஞ்சிருக்கும், கேபினெட்டுக்குள்ள மாட்டுன பிறகு கையே போகாது. அத மறந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோரா சுத்தும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வர்ற 8 பின்னும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா அது ஆறும் ரெண்டுமா பிரியும், ப்ராசஸருக்கானது நாலும் நாலுமா பிரியும். எனக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.

அப்புறம் ரேம கழட்டி ரப்பர் வெச்சு தேய்ச்சேன். சிரிக்காதீங்க, புது ரேம்தான், ஆனா நம்மூர்ல டிஸ்ப்ளே வரலன்னா எந்த சர்வீஸ் கடைக்கு போனாலும் மொதல்ல டிராயர தொறந்து ஒரு ரப்பரத்தான் எடுப்பாங்க, கை அதுவா போயிடுச்சு. பழைய ரேமுக்கு அது நெஜமாவே வேலை செய்யும், தங்க நிறத்துல இருக்கற அந்த கான்டாக்ட்ல படிஞ்ச அழுக்கு போகும். புதுசுக்கு அர்த்தமில்ல. ரேம திருப்பி மாட்டறப்ப ஒரு விஷயம் கவனிச்சேன், இந்த போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப், இன்னொரு பக்கம் அசையாத பிளாஸ்டிக், அதனால ஒரு பக்கம் டக்குனு சத்தம் கேட்டதும் உக்காந்துடுச்சுன்னு நெனச்சு விட்டுடுவோம், இன்னொரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு நிக்கும். ரெண்டு கட்டவிரலாலயும் ரெண்டு முனையையும் அமுக்கணும், போர்டு லேசா வளையும், வயித்த கலக்கும், பரவால்ல. நாலு ஸ்லாட் இருந்து ரெண்டு ஸ்டிக்னா ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும், அதுவும் சரி. திரும்ப ஆன் பண்ணேன். அதே மஞ்ச லைட்டு.

போர்டு செட்டிங்ஸ அழிக்கலாம்னு சிமாஸ் பேட்டரிய கழட்டினேன், அந்த சில்லறக்காசு மாதிரி இருக்குமே சிஆர்2032, மெயின் ஒயர புடுங்கிட்டு அஞ்சு நிமிஷம் வெளிய வெச்சுட்டு திருப்பி போட்டேன். அதுக்கப்புறம் ஆன் பண்ணா தானா ஆஃப் ஆவுது தானா ஆன் ஆவுது, ரெண்டு மூணு தடவ. ஐயய்யோ இருந்ததும் போச்சுன்னு சுவிட்ச்ச அணைச்சுட்டேன். அப்படி அணைக்கக்கூடாதாம், செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்ச பிறகு போர்டு ரேம புதுசா பழகிக்கறப்ப அப்படி ஆஃப் ஆகி ஆன் ஆகறது சகஜமாம். டிடிஆர்5 போர்டா இருந்தா மொத தடவ சில நிமிஷம் கூட கருப்பு ஸ்க்ரீனாவே நிக்கும், பொறுமை இல்லாதவன் ஒவ்வொரு தடவயும் அணைச்சு அணைச்சு மொதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கிட்டே இருப்பான். நமக்கு டிடிஆர்4, அவ்வளவு நேரம் ஆகாது, இருந்தாலும் அடுத்த தடவ பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். வரல. மணி மூணு. படுத்துட்டேன்.

அடுத்த நாள் பகல் பூரா பழைய சிஸ்டமும் இல்ல, பிரிச்சு போட்டாச்சே. ஒரு மாப்பிள்ள வீட்டுக்காரரு போன் பண்ணி "என்ன தம்பி, ஹைலைட்ஸாவது இந்த வாரம் குடுத்துருவீங்களா"ன்னாரு. குடுத்துரலாம்ணேன்னு சொல்லிட்டு வெச்சேன்.

ரெண்டாவது ராத்திரி ஒரு உருப்படியான காரியம் பண்ணேன், போர்ட கேபினெட்ல இருந்து மொத்தமா வெளிய எடுத்தேன். இத மொத நாளே பண்ணியிருக்கணும், சொல்லப்போனா கேபினெட்ல மாட்டறதுக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும். போர்டு வந்த அட்டப்பெட்டி இருக்குல்ல, அது மேல வெச்சுக்கணும். அந்த சாம்பல் கலர் பளபளப்பு கவர் மேல வெச்சு ஆன் பண்ணாதீங்க, ஸ்டாட்டிக் வராம இருக்கறதுக்காக அது மேல உலோகப் பூச்சு இருக்கும், கரண்ட் கடத்தும். வெளிய எடுத்துட்டா ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் ஸ்டிக், 24 பின், 8 பின், மானிட்டர் கேபிள், இத தவிர ஒண்ணுமே வேண்டாம். எஸ்எஸ்டி கூட வேண்டாம், பயாஸ்னு போர்டுக்குள்ளயே இருக்கற செட்டிங்ஸ் ஸ்க்ரீன் வர்றதுக்கு டிஸ்க் எதுக்கு. கேபினெட்ல போர்டுக்கு அடியில தேவையில்லாத எடத்துல போர்ட தாங்கற ஒரு பித்தள ஸ்டாண்டாஃப் நின்னுக்கிட்டு போர்டோட பின்பக்கத்த தொட்டுக்கிட்டு இருந்தா ஷார்ட் ஆகி இதே மாதிரி படுத்தும், அந்த சந்தேகமும் இதுல தீர்ந்துரும். எனக்கு பழைய போர்டும் புதுசும் ஒரே மைக்ரோ ஏடிஎக்ஸ் சைஸ், அதனால அது இல்ல.

பவர் பட்டன் கேபினெட்ல இருக்கே, வெளிய எடுத்துட்டா எப்படி ஆன் பண்றதுன்னு கேக்கலாம். போர்டு ஓரத்துல பவர் சுவிட்ச்னு ரெண்டு குச்சி இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனைய வெச்சு அந்த ரெண்டையும் ஒரு செகண்ட் தொட்டா போதும். மேனுவல பார்த்து அதே ரெண்டுதானான்னு ரெண்டு தடவ சரி பார்த்துக்கிட்டு தொடுங்க. எனக்கு மொத தடவ கை நடுங்குச்சு, கல்யாண வீட்ல அய்யர் கை நீட்டுன்னு சொன்னப்பகூட அப்படி நடுங்கல.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டிப் பார்த்தேன், அதே கதை. அதனால புது எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகம் போச்சு. இங்க ஒண்ணு சொல்லணும், என்னோட ரெண்டும் ஒயர் உள்ளயிருந்தே வர்ற சாதா எஸ்எம்பிஎஸ், அதனால மாத்தி மாத்தி மாட்டினேன். ஒயர கழட்டி மாட்டற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வெச்சிருந்தீங்கன்னா ஒண்ணோட ஒயர இன்னொண்ணுல சொருகவே கூடாது, போர்டு பக்கம் எல்லாம் ஒண்ணுதான் ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி பின் வெச்சிருப்பான், சொருகினா கரெக்டா உக்காரும், ஆன் பண்ணா ஹார்ட் டிஸ்க் பொகையும்.

அடுத்து ரேமு. ஒத்த ஸ்டிக்க எடுத்து ரெண்டாவது ஸ்லாட்ல போட்டேன், வரல. இன்னொரு ஸ்டிக், அதே ஸ்லாட், வரல. பழைய சிஸ்டத்தோட எட்டு ஜிபி ஸ்டிக்கும் டிடிஆர்4தான், நல்லா ஓடிட்டிருந்த ரேமு, அத போட்டேன், அதுவும் வரல. இந்த ஒரு டெஸ்ட்டுக்காகவே பழசு எதையும் உடனே வித்துராதீங்கன்னு சொல்லுவேன், நல்லா இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு பார்ட் கைல இருந்தா பாதி கேள்விக்கு அதுவே பதில் சொல்லிரும். மூணு ஸ்டிக்குமே ஒரே நேரத்துல போயிருக்காது, அப்ப ரேமு இல்ல. மொத ஸ்லாட்ல போட்டேன், வரல. மூணாவதுல போட்டேன். மஞ்ச லைட்டு எரிஞ்சுது, ஒரு இருபது செகண்ட் கழிச்சு அணைஞ்சுது, பக்கத்து லைட்டு ஒரு மின்னு மின்னிட்டு அணைஞ்சுது, மானிட்டர்ல கம்பெனி லோகோ!

கத்திட்டேன். உள்ள இருந்து என் மனைவி "என்னங்க ஆச்சு"ன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க.

நாலாவது ஸ்லாட்லயும் வருது. மொத ரெண்டு ஸ்லாட்ல எந்த ரேம போட்டாலும் வரல, கடைசி ரெண்டுல எத போட்டாலும் வருது. சரி, போர்டுல ரெண்டு ஸ்லாட் அவுட்டு, தெளிவா போர்டு டிஃபெக்ட், மாத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். காலையில கடைக்கு போன் பண்ணேன். அவர் பதில் இப்படி இருந்துச்சு, "கொண்டாங்க சார் மாத்திடலாம், ஏழு நாளைக்குள்ள கொண்டாந்தா நம்மகிட்டயே ரீப்ளேஸ்மென்ட், அதுக்கப்புறம்னா சர்வீஸ் சென்டர்தான். ஆனா சாக்கெட்ல பின் ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் வாரண்டி கிடையாது. அந்த மூடியும் வேணும் சார், மூடி இல்லாம எடுக்க மாட்டான்."

மூடின்னா, புது போர்டுல சாக்கெட் மேல ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும், ப்ராசஸர் வெச்சு கம்பிய அமுக்கினதும் அது தெறிச்சு வெளிய வந்துரும். நான் அத தரையில போட்டுட்டேன். காலையில வீட்ட கூட்டுனப்ப அது குப்பைக்கு போயிடுச்சு. மாநகராட்சி வண்டி வர்றதுக்கு முன்னாடி வாசல்ல வெச்சிருந்த மக்காத குப்ப வாளிய கவுத்து, பால் பாக்கெட்டு, ஷாம்பூ சாஷே, நேத்து நான் கட் பண்ணி போட்ட கேபிள் டேக் எல்லாத்துக்கும் நடுவுல அந்த மூடிய தேடி எடுத்தேன், எதிர் வீட்டு அக்கா "என்ன தம்பி, நகை கிகை தொலஞ்சுடுச்சா"ன்னு கேட்டாங்க. எடுத்து கழுவி தொடச்சு அடுப்படில கடுகு டப்பா பக்கத்துல ஒரு காலி டப்பால போட்டு வெச்சேன்.

சாயங்காலம் சென்னை போறதுக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாடி, நமக்கு பழக்கமான சிஸ்டம் சர்வீஸ் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, தில்லை நகர் பக்கம் சின்ன கடை, லேப்டாப் போர்டுல சிப் லெவல் வேலை எல்லாம் பார்ப்பாரு, அவருக்கு ஒரு போன் அடிச்சேன். இவ்வளவு கதையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, மொத ரெண்டு ஸ்லாட்டும் வரலங்கற, கடைசி ரெண்டும் வருதுங்கற. சம்பந்தமே இல்லாம ரெண்டு ஸ்லாட் எப்படிப்பா சேர்ந்து போவும்?"

"போர்டு டிஃபெக்ட்தானண்ணே?"

"ஒரு ஸ்லாட் போச்சுன்னா ஸ்லாட்ட சொல்லலாம். பக்கத்து பக்கத்துல ரெண்டும் போச்சுன்னா அது ஒரு சேனல். சேனல் எங்கருந்து வருது? ப்ராசஸர்ல இருந்து. நீ கூலர எப்படி மாட்டுன?"

எனக்கு அங்கயே சுருக்குனுச்சு.

அவர் சொன்னத என் பாஷைல சொல்றேன். முன்னாடி எல்லாம் ரேம மேய்க்கற வேலைய போர்டுல இருக்கற தனி சிப் பார்த்துச்சு, இன்டெல்ல 2008ல மொத கோர் ஐ7 வந்ததுல இருந்து அந்த மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளயே போயிடுச்சு. ரேம் ஸ்லாட்ல இருந்து கோடு கோடா வர்ற லைன் எல்லாம் நேரா சாக்கெட் பின்னுக்கு வந்து ப்ராசஸரோட அடிவயித்த தொடுது. நாலு ஸ்லாட் இருக்கற போர்டுல மொத ரெண்டு ஸ்லாட் ஒரு சேனல், அடுத்த ரெண்டு இன்னொரு சேனல். இந்த சாக்கெட்டுக்கு 1700னு பேரே அதுல 1700 பின் இருக்கறதாலதான். ஒவ்வொண்ணும் ஸ்பிரிங் மாதிரி வளைஞ்ச ஊசி, ப்ராசஸர் அது மேல சும்மா உக்காந்திருக்கு, சொருகல, பத்த வைக்கல, அமுக்கற அமுக்குல தொட்டுக்கிட்டு இருக்கு. ஒரு பக்கம் அமுக்கு ஜாஸ்தியாகி இன்னொரு பக்கம் மயிரிழை தூக்கினா அந்த பக்கத்து பின் சிலது சரியா தொடாது. அந்த பின்னு ரேமோட லைனா இருந்துச்சுன்னா அந்த சேனலே காணாம போயிடும். லைட்டு என்ன எரியும்? டிராம்.

நான் கூலர எப்படி மாட்டினேன்னா, ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கொட்டாவி விட்டுக்கிட்டே, ஒரு மூலை ஸ்க்ரூவ மொத்தமா இறுக்கிட்டு, அதே பக்கத்து இன்னொரு மூலைய மொத்தமா இறுக்கிட்டு, எதிர் பக்கம் எட்டாம தூக்கிக்கிட்டு நின்னுச்சு, உள்ளங்கையால கூலர அழுத்தி புடிச்சுக்கிட்டு அந்த ரெண்டையும் ஏத்தினேன். அந்த பிராக்கெட் செட்லயும் ஸ்பிரிங் கொஞ்சம் முரட்டு ஸ்பிரிங்கு.

மூணாவது ராத்திரி. கூலர கழட்டினேன், மெதுவா, லேசா இடமும் வலமும் திருகி விட்டு. கழட்டி திருப்பிப் பார்த்தா அங்கயே எழுதி வெச்சிருக்கு. தெர்மல் பேஸ்ட் ப்ராசஸர் மேல ஒரு ஓரத்துல சுத்தமா வழிச்சு எடுத்த மாதிரி, கீழ இருக்கற உலோகம் பளபளன்னு தெரியுது, அப்படியே எதிர் ஓரத்துக்கு போகப்போக சாம்பல் கலர் கெட்டியாகிட்டே போய் அந்த கடைசில தோசைக்கு தொட்டுக்க வெச்ச சட்னி மாதிரி குவிஞ்சு நிக்குது. கூலர் சாஞ்சு உக்காந்திருந்திருக்கு. மூணு நாளா ரேம மாத்தி மாத்தி சொருகினேனே, இத ஒரு தடவ கழட்டிப் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

அப்புறம் பேஸ்ட்ட துடைச்சுட்டு ப்ராசஸரையும் எடுத்துட்டு சாக்கெட்ட பார்த்தேன். வெறுங்கண்ணுல 1700 ஊசிய எண்ண முடியாது, மொபைல் டார்ச்ச ஒரு பக்கமா சாய்ச்சு அடிச்சு, இன்னொரு மொபைல்ல ஜூம் பண்ணி போட்டோ எடுத்தேன், டார்ச்ச நாலு பக்கமும் மாத்தி மாத்தி. எல்லா ஊசி முனையும் ஒரே மாதிரி மின்னணும், வயல்ல நாத்து நட்ட மாதிரி வரிசையா. எங்கயாவது ஒண்ணு மட்டும் மின்னாம இருந்தாலோ வேற பக்கம் மின்னினாலோ அது வளைஞ்சிருக்கு. எனக்கு எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, மூச்சு வந்துச்சு. சாக்கெட்டுக்குள்ள விரல் வைக்காதீங்க, ஊதாதீங்க, பேஸ்ட் துடைக்கற துணிய அதுக்கு மேல கொண்டு போகவே போகாதீங்க, துணி நூல் ஒண்ணு மாட்டுனா அவ்வளவுதான். இதே போட்டோவ கடையிலயே மூடிய கழட்டி எடுத்து வெச்சிருந்தேன்னா நாளைக்கு பின் வளைஞ்சிருக்குன்னு ஒருத்தன் சொன்னா காட்டறதுக்கு ஆவும், அடுத்த தடவ அப்படித்தான் பண்ணப்போறேன்.

ப்ராசஸர திருப்பி வெச்சேன், ஓரத்துல இருக்கற பள்ளம் சாக்கெட்ல இருக்கற மேட்டுல உக்காரணும், கம்பிய அமுக்கி மாட்டினேன். டவர் கூலர ஓரமா வெச்சுட்டு, டப்பாலயே வந்துச்சே அந்த கம்பெனி கூலர், அத எடுத்தேன், பேஸ்ட் அதுலயே தடவி வந்திருந்துச்சு. நாலு பிளாஸ்டிக் கால், எதிர் எதிர் மூலையா அமுக்கினேன், டக் டக், டக் டக். மொத ஸ்லாட்டுலயும் மூணாவதுலயும் போடல, நேரா ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் ரெண்டு ஸ்டிக்கையும் போட்டேன். ஸ்க்ரூ டிரைவர் முனைய வெச்சேன்.

மஞ்ச லைட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாய்விட்டு எண்ணினேன். பதினாறுல அணைஞ்சுது. லோகோ வந்துச்சு. பயாஸ்குள்ள போய் பார்த்தா 32 ஜிபி, டூயல் சேனல்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனா மனசு கேக்கல, கூலர்தான் காரணம்னு நிச்சயமா தெரியணும், ப்ராசஸர எடுத்து வெச்சதுலயே சரியாகியிருந்தா? அதனால மறுபடி டவர் கூலர மாட்டினேன், இந்த தடவ நாலு ஸ்க்ரூவையும் மொதல்ல கையாலயே புடிக்கற அளவுக்கு மட்டும் ஏத்திட்டு, அப்புறம் ஒரு மூலைல ரெண்டு சுத்து, அதுக்கு குறுக்க எதிர் மூலைல ரெண்டு சுத்து, மிச்ச ரெண்டுலயும் அதே மாதிரி, கார் வீல் நட்டு மாட்டுவாங்கள்ல அந்த கணக்கு. முட்டுனதும் நிறுத்தணும், பலத்த காட்டக்கூடாது. ஆன் பண்ணேன், வந்துச்சு, 32ம் காட்டுச்சு. வேணும்னே ஒரு பக்கத்த மட்டும் முறுக்கி மறுபடி கெடுத்துப் பார்க்கலாமான்னு ஒரு செகண்ட் தோணுச்சு, 36 ஆயிரம் ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் சாதா வேலைதான். கேபினெட்ல மாட்டறதுக்கு முன்னாடியே பயாஸ்ல ப்ராசஸர் டெம்பரேச்சர் பார்த்தேன், சும்மா இருக்கறப்ப 36 டிகிரி கிட்ட நின்னுச்சு, ஏறிக்கிட்டே போச்சுன்னா கூலர் சரியா உக்காரலன்னு அர்த்தம். ரேமு 3200ன்னு டப்பால போட்டிருக்கும், ஆனா நெறைய ரேமு மொத தடவ அதவிட கொறஞ்ச வேகத்துலதான் ஓடும், பயாஸ்ல எக்ஸ்எம்பின்னு ஒரு செட்டிங் இருக்கும் அத ஆன் பண்ணாத்தான் முழு வேகம் வரும், இத தெரியாமலே வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க. ஆனா டிஸ்ப்ளே வராத சிஸ்டத்துல மொத நாளே எக்ஸ்எம்பி போட்டு குழப்பிக்காதீங்க, ரெண்டு நாள் சாதாவா ஓடட்டும்.

அண்ணனுக்கு போன் பண்ணி சொன்னேன். "பயாஸ் பிரச்சனையோன்னுதான் மொதல்ல நெனச்சேன் தம்பி"ன்னாரு. பி660 போர்டுல 13வது ஜெனரேஷன் ப்ராசஸர போட்டுட்டு டிஸ்ப்ளே வரலன்னு வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்களாம். போர்டு 2022 ஆரம்பத்துல வந்தது, 13வது ஜெனரேஷன் அந்த வருஷம் அக்டோபர்ல வந்தது, பழைய ஸ்டாக் போர்டா இருந்தா அந்த ப்ராசஸர அதுக்கு அடையாளமே தெரியாது, பயாஸ் அப்டேட் பண்ணியே ஆகணும். போர்டு பின்னாடி பென் டிரைவ் சொருகி ப்ராசஸர் இல்லாமலே அப்டேட் பண்ற பட்டன் சில போர்டுல இருக்கு, இல்லாத போர்டுன்னா பழைய ப்ராசஸர் ஒண்ண கடன் வாங்கி மாட்டித்தான் பண்ணணும். எனக்கு 12வது ஜெனரேஷன், அந்த போர்டு வந்ததே அதுக்காகத்தான், அதனால அந்த வழி எனக்கு இல்லன்னு அவருக்கு ஒரு செகண்ட்ல தெரிஞ்சிருக்கு. சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுண்ணேன்னு கேட்டேன், "போன்ல பேசுனதுக்கு என்னப்பா சார்ஜ், என் தங்கச்சி வீட்டு பூப்புனித நீராட்டு வீடியோ ஒண்ணு கெடக்குன்னு பையன் சொன்னான், அத கொஞ்சம் சீக்கிரம் கட் பண்ணி குடு"ன்னாரு. அவர் வீட்டு வேலைதான் புது சிஸ்டத்துல மொத போணி.

ராத்திரி ஒன்னே முக்கால் இருக்கும், எல்லாத்தையும் கேபினெட்ல மாட்டி வயர கட்டிட்டு இருக்கேன், மனைவி தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தவங்க எட்டிப் பார்த்தாங்க.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அப்ப அந்த கருப்பு மூடிய குப்பைல போட்டுரட்டா?"

"தொடாத"ன்னேன். இன்னும் கடுகு டப்பா பக்கத்துலதான் இருக்கு.